தோணிரேவில் ஒரு பழைய மடிக்கணினி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், வயல்களும் குளங்களும் மாறி மாறி வந்து ஓய்ந்த பிறகு, காற்றில் உப்பு வாசனை கலக்கத் தொடங்கும் இடத்தில் ஏரி கண்ணுக்குத் தென்படும். இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியதென்று எண்ணப்படும் அந்த நீர்ப்பரப்பின் பெரும் பாகம் ஆந்திரத்தில் இருக்க, தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்து முடிகிறது. அந்த ஓரத்து மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. ரேவு என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும் சொல். தோணி ஒதுங்கும் துறை என்று இரண்டு பாஷைகளும் கைகோத்து ஊருக்குப் பெயர் வைத்திருப்பதிலேயே அந்தப் பிரதேசத்தின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

அவ்வூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில், சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில், நான் ஒரு மடிக்கணினி திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைய மகள் விசையை அமுக்கிவிட்டு, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலுமினியச் சட்டியில் இறால் உரித்துக்கொண்டிருந்த தாயார் தலை நிமிராமலே, "என்னாம்மா, இன்னும் தொறக்கலையா?" என்று கேட்டார். "தொறக்குதும்மா. அது சுத்திக்கினே இருக்குது" என்றாள் மகள். திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்ததைத்தான் அவள் சொன்னாள். ஆயினும், அவள் அறியாமலே நோயின் மூலத்தையும் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றிற்று. என் கைக்கடிகாரத்தின்படி நாலரை நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சட்டியில் பாதி இறால் உரிந்துவிட்டது.

அந்த மடிக்கணினி முதலில் அவளுடைய அக்காவுக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லட்சக்கணக்கான இயந்திரங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த ஆரம்ப கால இயந்திரங்களில் பொதுவாக 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. அத்திட்டத்தைப் பற்றி அரசியல் ரீதியாக யார் என்ன அபிப்பிராயம் கொண்டிருந்தாலும், வீட்டில் அதுவரை ஒரு மேஜைகூட இல்லாத குடும்பங்களுக்குள் ஒரு கணினி நுழைந்தது அதனால்தான் என்பதை மறுப்பதற்கில்லை. மூடியின் மேலிருந்த முதலமைச்சரின் படம் தேய்ந்துபோய், மூலைகள் உடைந்து, கீல் தளர்ந்து, அக்கா கல்யாணமாகிப் போன பிறகு தங்கைக்கு வந்து சேர்ந்த அந்த இயந்திரத்தை வீசி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள் என்று சொல்வது மிகச் சுலபம். ஏரியில் இறால் கிடைத்தால் வருமானம், கிடைக்காவிட்டால் கடன் என்று நாட்களை நகர்த்தும் ஒரு வீட்டில் அந்த யோசனையால் பிரயோஜனம் ஏதும் இல்லை. ஆகவே பழைய கணினிக்குக் குறைந்த செலவில் எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது எப்படி, எதைப் பார்த்து வாங்குவது என்ற விஷயத்தை, அந்த வீட்டு வாசலையே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கணினி மெதுவாகிவிட்டால் அதன் மூளைக்கு வயதாகிவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது தவறு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய கணிப்பான் சில்லுகூட, கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் காணொளிப் பாடம் பார்க்கவும் இன்றைக்கும் போதுமான வேகத்தோடுதான் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்வதற்கு வேண்டிய சரக்கு, ஹார்டு டிஸ்க் என்னும் சுழல் தட்டிலிருந்து வந்து சேர வேண்டும். மடிக்கணினிகளில் வழக்கமாக வரும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கிறது. கேட்பதற்கு இது பிரமாத வேகமாகத் தோன்றும். ஆயினும் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசி தன் கையை நீட்டிச் சரியான வளையத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லி விநாடி. ஆக, தட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துணுக்குகளை எடுத்து வரச் சொன்னால், விநாடிக்கு அறுபது துணுக்குகளுக்கு மேல் அதனால் இயலாது. கணினி திறக்கும்போதோ இப்படிப்பட்ட துணுக்குகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கின்றன. ஏரியின் நாலு திசையிலும் ஊன்றிய வலைகளை ஒற்றைத் தோணியில் ஒருவர் மட்டும் கோல் ஊன்றிப் போய், ஒவ்வொரு வலையிலிருந்தும் ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி, மறுபடி அடுத்த வலைக்குப் போவதை ஒத்த வேலை அது. தோணிக்காரர் சோம்பேறி அல்லர். அவருக்கு விதிக்கப்பட்ட வழி அப்படி.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக இத்தகைய சுழல் தட்டுச் சாதனத்தை வெளியிட்டபோது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, மொத்தம் 50 லட்சம் எழுத்துகளை அதில் தேக்க முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது மகத்தான சாதனை. அதற்குப் பின் தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருத்தது, ஆனால் ஊசி நகர்ந்து தேடும் மூல முறை மாத்திரம் மாறவில்லை. 1980களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா என்ற விஞ்ஞானி, மின்சாரம் நின்ற பிறகும் எழுதியதை மறவாத ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். இன்று நம் கைப்பேசியிலும் பென் டிரைவிலும் இருப்பது அதன் வம்சம்தான். எஸ்.எஸ்.டி.யும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் சுழல்வது எதுவும் இல்லை, நகர்வது எதுவும் இல்லை. சில்லுக்குள் நுண்ணிய அறைகள், அவற்றில் சிறைப்பட்ட மின் துகள்கள், அவ்வளவே. எந்த அறையைக் கேட்டாலும் ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கு அவகாசத்தில் பதில் வந்துவிடுகிறது. அறுபது துணுக்கு எங்கே, ஆயிரக்கணக்கான துணுக்கு எங்கே! பழைய கணினிக்கு இந்த ஒரு மாற்றம் செய்யும் உபகாரத்தை வேறு எந்த மாற்றமும் செய்யாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

கடற்கரை ஊர்களுக்கு இதில் இன்னொரு விசேஷ அனுகூலமும் உண்டு. சுழல் தட்டுப் பெட்டியில் காற்றழுத்தம் சமனாவதற்கென்று வடிகட்டி வைத்த ஒரு சிறு துவாரம் இருக்கும். ஏரிக்கரையின் ஈரக் காற்று அதற்கு நல்லதன்று. தவிரவும், தட்டு சுழலும்போது இயந்திரம் அதிர்ந்தால் ஊசி தட்டில் உரசிவிடும் அபாயம் உண்டு. அணைக்காத மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளிலும் படகிலும் போகும் பிள்ளைகள் இந்த அபாயத்தை அறிவதில்லை.

அறைகள் என்று சொன்னேன். அவற்றின் சுபாவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் விலை மலிவும் விலை உயர்வும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. ஒரு பாத்திரம் நிறைந்திருக்கிறதா காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது எளிது, குழந்தையும் சொல்லிவிடும். அதே பாத்திரத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி என்று பல கோடுகள் கிழித்து, எந்தக் கோடு வரை தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் குனிந்து, கண்ணை இடுக்கி, நிதானித்துத்தான் சொல்ல முடியும். ஆரம்ப கால ஃபிளாஷ் அறை நிறைவு, காலி என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறிந்தது. இப்போது பரவலாக விற்கும் டி.எல்.சி. வகையில் ஓர் அறையில் எட்டு நிலைகள், கியூ.எல்.சி. வகையில் பதினாறு. ஒரே சில்லில் அதிகச் சரக்கு அடைபடுவதால் விலை இறங்குகிறது. நுட்பமாக அளக்க வேண்டியிருப்பதால் எழுதும் வேகமும் ஆயுளும் அதற்கேற்பக் குறைகின்றன. எழுதி எழுதி அழிப்பதால் அறையின் சுவர் தேய்வது இந்தச் சாதனத்தின் பிறவிக் குணம்.

தேய்வு என்று கேட்டவுடன் பயப்படுகிறவர்களுக்கு நான் பழவேற்காட்டுக் கரையின் பாடு முறையைச் சொல்லி விளக்குவது வழக்கம். அக்கரையின் சில ஊர்களில், ஏரியில் வலையிடத் தகுந்த இடங்களைப் பிரித்து, இன்றைக்கு இன்னாருக்கு இந்த இடம், நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்து மாற்றிக்கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஒருவரே நல்ல இடத்தை எப்போதும் பிடித்துக்கொள்ளாமல் பங்கு எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும் என்பது அதன் உத்தேசம். (அந்த முறைக்குள் இடம் பெறாத மீனவர்களும் அதே ஏரியில் உண்டு என்பதையும், அவர்களுடைய குறை நீண்ட நாளைய குறை என்பதையும் இங்கே சொல்லாமல் போவது நியாயம் ஆகாது.) எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் நிர்வாகச் சில்லும் இப்படியே ஒரு பாடு முறையை நடத்துகிறது. நாம் ஒரே கோப்பை நூறு முறை திருத்திச் சேமித்தாலும், அது ஒரே அறைக் கூட்டத்தில் நூறு முறை எழுதுவதில்லை. ஒவ்வொரு முறையும் இதுவரை குறைவாக உழைத்த கூட்டத்தைத் தேர்ந்து அங்கே எழுதி, எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. எந்த அறையும் முந்திக்கொண்டு தேய்வதில்லை. முறை மாற்றுவதற்கு இடம் வேண்டுமாகையால், சேமிப்பகத்தைக் கழுத்து வரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட்டுவைப்பது நல்லது.

மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பதை நேர்மையான தயாரிப்பாளர்கள் தங்கள் விவரப் பட்டியலில் டி.பி.டபிள்யூ. என்ற தலைப்பில் கொடுக்கிறார்கள். உதாரணமாக, மலிவு விலைக்குப் பெயர் போன கிங்ஸ்டன் ஏ400 வகையில் 240 ஜிபி சாதனத்துக்கு 80 டெரா பைட் என்றும் மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றும் குறித்திருக்கிறார்கள். சாம்சங் 870 ஈவோ வகையில் 250 ஜிபி சாதனத்துக்கு 150 டெரா பைட், ஐந்து ஆண்டு. தோணிரேவுப் பெண் படிவம் நிரப்பி, பாடம் பார்த்து, குறிப்பு எழுதி, நாளுக்குத் தாராளமாக 10 ஜிபி எழுதுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். 80 டெரா பைட் தீர 8,000 நாள், ஏறக்குறைய 22 ஆண்டு ஆகும். அந்த மடிக்கணினியின் கீல் அத்தனை காலம் தாங்காது. எனவே பழைய கணினிக்காரர் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்டு உயர்ந்த ரகத்தை வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வேகத்தைப் பற்றியும் அப்படியே. பெட்டியின் மேல் பெரிய எண்ணைப் போட்டு ஆசை காட்டுவார்கள். பழைய கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு சேரும் வழிக்குச் சாட்டா என்று பெயர். அதன் இரண்டாம் தலைமுறையில் விநாடிக்கு 300 எம்.பி.க்கு மேல் போகாது, மூன்றாம் தலைமுறையில் 600. வாய்க்கால் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர்தான் பாயும். புதிய சாட்டா சாதனம் பழைய வாய்க்காலிலும் தகராறின்றி ஓடும், அதன் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்த வேகத்திலும் கணினி திறப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏனெனில் நமக்கு லாபம் கிடைப்பது மொத்தமாக அள்ளும் வேகத்தினால் அன்று, துணுக்குகளைத் தேடி அலையாத குணத்தினால். இதைப் புரிந்துகொண்டவர் கடைக்காரர் காட்டும் விலை உயர்ந்த ரகத்துக்கு மயங்க மாட்டார்.

ஆனால் வடிவத்தில் தவறு செய்யக் கூடாது. கடைகளில் பட்டையான பபிள் கம் போலிருக்கும் எம்.2 வகைச் சாதனங்கள் இப்போது அதிகம் கிடைக்கின்றன. சில சமயம் விலையும் குறைவு. அவற்றிலும் சாட்டா வழியில் பேசுபவை, என்.வி.எம்.ஈ. வழியில் பேசுபவை என்று இரு ஜாதி உண்டு. 2011, 2012ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு அவை இரண்டுமே ஆகா; அதில் செருகும் இடமே இராது. அதற்கு வேண்டியது இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., பழைய ஹார்டு டிஸ்க்கின் அதே நீளம், அதே அகலம். கனம் மட்டும் வேறுபடலாம். பழையது ஒன்பதரை மில்லி மீட்டர் இருக்கும், புதியது ஏழு. இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாமல் உட்காரும். வாங்கப் போகுமுன் பின்பக்கத்துத் திருகைக் கழற்றிப் பழைய தட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது, அல்லது அதையே கையில் எடுத்துப் போவது, ஒரு பிரயாணத்தை மிச்சம் பிடிக்கும்.

கொள்ளளவு எத்தனை? 120 ஜிபி இன்று மூச்சு முட்டும். 240 அல்லது 256 ஜிபி சரியான அளவு. 480 ஜிபிக்கு விலை வித்தியாசம் அற்பமாக இருந்தால் அதையும் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். கல்லூரி மாணவர்களுக்காக அரசு 2025இல் மறுபடி மடிக்கணினி வாங்க முனைந்தபோது நிர்ணயித்த அளவும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்பதே. சுழல் தட்டின் காலம் அரசாங்கக் கணக்கிலும் முடிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கையை என் சொந்த நஷ்டத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் சாதனம், ஒரு டெரா பைட் என்று மேலே அச்சிட்டு, நம்ப முடியாத விலைக்கு ஒரு கடையில் கிடைத்தது. வாங்கினேன். கணினியும் ஒரு டெரா பைட் என்றே காட்டியது. இரண்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பழைய கோப்புகளைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்துகள். ஆறு மாதமாக நான் சேர்த்து வைத்த கட்டுரைக் குறிப்புகள் போயே போய்விட்டன. அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு சிறிய நினைவக அட்டையைப் பலகையில் ஒட்டி, தன் கொள்ளளவைப் பல மடங்கு மிகைப்படுத்திச் சொல்லும்படி அதற்குப் பொய் கற்பித்திருந்தார்கள். இடம் தீர்ந்ததும் அது முன்பு எழுதியவற்றின் மேலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் குறிப்புகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அன்று முதல், புதிதாக வாங்கும் எந்தச் சேமிப்பகத்தையும், அதில் ஒரு கோப்பும் வைக்குமுன், முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் மென்பொருளால் பரீட்சை செய்கிறேன். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். கால் நாள் பிடித்தாலும் அந்தக் காத்திருப்பு வீணல்ல.

ஆகவே, மலிவு என்பதற்கு நான் கொள்ளும் அர்த்தம், தெரிந்த தயாரிப்பாளரின் அடிமட்ட ரகம் என்பதே. தெரியாதவரின் ஆடம்பர ரகம் அன்று. கடையில் பில் வாங்க வேண்டும். உத்தரவாதத்தை இந்தியாவில் யார் ஏற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பழையதாக ஒருவர் உபயோகித்த எஸ்.எஸ்.டி.யை விலை குறைவென்று வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் மென்பொருள் உண்டென்றாலும், அதைக் கடையிலேயே நின்று பார்க்க எல்லாருக்கும் இயலாது. ரேம் விஷயம் வேறு. அது எழுதித் தேய்வதில்லை. பழையதாக வாங்கினாலும் பாதகமில்லை.

அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சி தெருவுக்கு அந்தப் பெண்ணும் அவளுடைய மாமாவும் என்னோடு வந்தார்கள். மின்னணுச் சாமான்களுக்கென்றே வாழும் அந்தச் சந்தையில், ஒரே சாதனத்துக்கு மூன்று கடையில் மூன்று விலை சொன்னார்கள். 2023இல் உலகெங்கும் ஃபிளாஷ் விலை சரிந்து கிடந்தபோது 240 ஜிபி சாதனம் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கே வந்தது. 2025இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சச தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறலாயிற்று. மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு நெடுநாளாக விற்று வந்த தன் குரூஷியல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததென்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். எங்கோ அமெரிக்காவில் எழும்பும் கட்டடங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பெண்ணின் சுருக்குப்பையைத் தொடுகின்றன. மாமா மூன்று கடையும் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, "சார், நாலு வருசம் ஓடுமா?" என்று கடைக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். ஓடும் என்றேன். 240 ஜிபி சாதனம் ஒன்றும், பழைய 2 ஜிபி டி.டி.ஆர்.3 ரேம் துண்டு ஒன்றும் வாங்கிக்கொண்டோம்.

ரேமை ஏன் சேர்த்தோமென்றால், 2 ஜிபியை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய உலாவியைத் திறந்தால், இடம் போதாமல் கணினி ஓயாது சேமிப்பகத்திலேயே எழுதி அழித்துக்கொண்டிருக்கும், புது எஸ்.எஸ்.டி. அதை ஓரளவு சமாளித்தாலும், அநாவசியமாகத் தேயும். 4 ஜிபி ஆனால் மூச்சு விட இடம் உண்டாகும். கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமானால், முதலில் எஸ்.எஸ்.டி., பிறகு ரேம்.

தோணிரேவுக்குத் திரும்பி, மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பின் மூடியைத் திறந்தோம். உள்ளே நுண்ணிய மணலும் பூத்த உப்பும் இருந்தன. தட்டைப் பிடித்திருந்த நாலு திருகில் ஒன்று துரு ஏறி அசையவில்லை, அந்தப் பெண்ணின் அண்ணன் படகு இயந்திரத்துக்கு வைத்திருந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்திருந்து, மெல்லத் திருகினான், கழன்றது. பழையதை இழுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் செருகினோம். அத்தனை வேலையும் கால் மணி நேரம்தான்.

எந்த மென்பொருள் ஏற்றுவது என்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இத்தனை பழைய இயந்திரத்தைத் தன் நிபந்தனைகளின்படி ஏற்பதில்லை. லினக்ஸ் வகைகளில் லுபுண்டு போன்ற இலகுவானதொன்று போதும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த அரசு மடிக்கணினிகளில் ஆதியிலேயே இருந்ததுதான். விண்டோஸுக்குப் பக்கத்தில் யாரும் திறவாத கதவாக அது இருந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியவை ஓர் உலாவியும் தமிழ்த் தட்டச்சும் பி.டி.எஃப். படிக்கும் வசதியும். எல்லாம் லினக்ஸிலேயே உண்டு. மேஜைக் கணினிகளில் இந்த மாற்றத்தைச் செய்கிறவர்கள், பயாஸ் அமைப்பில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும், விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற மிகப் பழையவை, அழித்த இடத்தைச் சாதனத்துக்குத் தெரிவிக்கும் டிரிம் என்ற ஏற்பாட்டை அறியாதவையாகையால் அவற்றை எஸ்.எஸ்.டி.யில் வைக்காமலிருப்பதே நலம்.

மறுநாள் காலையில் அவள் விசையை அமுக்கியபோது நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். 34 விநாடி. தாயார் அன்றைக்கு நண்டு கழுவிக்கொண்டிருந்தார். "அதுக்குள்ளவா?" என்று எழுந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திரையை எட்டிப் பார்த்தார்.

இந்தச் சாதனத்தின் குறைகளையும் அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். சுழல் தட்டு சாகுமுன் பெரும்பாலும் முனகும், டக் டக்கென்று சத்தமிடும், எஸ்.எஸ்.டி. ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிடலாம், நின்றபின் உள்ளிருப்பதை மீட்பது மிகக் கடினம். மின்சாரம் திடீரென்று போகும்போது எழுதிக்கொண்டிருந்தது பாழாகலாம். அந்த மடிக்கணினியின் மின்கலம் ஏற்கெனவே பழுதாகிவிட்டபடியால், மழை நாளில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2016இன் வர்தா புயலிலும் 2023இன் மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் இழந்து கிடந்த கரை அது. இன்னொன்று: எஸ்.எஸ்.டி.யில் எழுதி, மின்சாரமே காட்டாமல் பரணில் பல ஆண்டு போட்டு வைத்தால், அறைகளில் சிறைப்பட்ட துகள்கள் மெல்லக் கசிந்துவிடும். அது ஓடும் கணினிக்கு ஏற்றது, பெட்டகத்துக்கு ஏற்றதன்று. எனவே கழற்றிய பழைய தட்டை எறியாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் இரண்டாவது பிரதியாக அதில் வைக்கச் செய்தேன். அதில் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் செய்த தாவரவியல் செயல்திட்டம் அப்படியே இருந்தது.

நாங்கள் இதைச் செய்துகொண்டிருந்த செய்தி தெருவில் பரவி, பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாள் வந்து, தங்கள் குழுவிடம் உள்ள மேஜைக் கணினிக்கும் இதே மருந்தைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். யாரோ தானமாகக் கொடுத்த, மிகப் பழைய இயந்திரம். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும், நாற்பது ஊசிகளில் மாட்டிய அகலமான சாம்பல் நிற நாடா தெரிந்தது. சாட்டா வருவதற்கு முந்திய காலத்து வழி. ரேம் 512 எம்.பி. இதற்கும் மாற்றிக் கொடுக்கும் அடாப்டர்கள் கிடைக்கும், ஏதோ ஒரு எஸ்.எஸ்.டி.யை இதிலும் ஓட வைத்துவிடலாம். ஆனால் குழுவின் பணம் ஐந்து பத்தாகச் சேர்த்த பணம். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குச் செலவு பண்ணாதீங்கம்மா" என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமலிருந்துவிட்டு, "கணக்கெல்லாம் இதுலதான் சார் இருக்குது" என்றார். ஒரு பென் டிரைவைக் கொண்டு வரச் சொல்லி, நாலு வருஷத்துச் சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் ஒவ்வொரு கோப்பாக அதில் இறக்கத் தொடங்கினேன். அந்த இயந்திரம் ஒவ்வொன்றையும் மெதுவாகக் கொடுத்தது.